ஊக்கு டப்பா

பஸ்ஸில் ஏறியதும் பக்கிரிக்கு இருமல் வந்தது. முன் சீட்டில் இருந்த இரண்டு பேர் எழுந்து பின்னால் போனார்கள். ஒரு பெண் முந்தானையால் மாஸ்க்கின் மேல் இன்னொரு மாஸ்க் போட்டுக்கொண்டாள். கண்டக்டர், "அண்ணே, நீ எறங்கிக்க" என்றார்.

பக்கிரி இறங்கவில்லை. சட்டைக்குள் கையை விட்டு, கழுத்தில் நாடாவில் தொங்கிய அட்டையை வெளியே இழுத்துக் காட்டினார்.

"படிச்சுப் பாரு. நெகட்டிவ்."

கண்டக்டர் எட்ட நின்றே படித்தார். லேமினேஷன் பளபளப்பில் எழுத்து தெரியாமல் தலையைச் சாய்த்து மறுபடி படித்தார். "பக்கிரி, வயசு நாப்பத்தெட்டு, ஆண். சரிண்ணே, உக்காரு. அப்பறம் ஏன் இருமுற?"

"கல்லு மாவு. கம்பெனி இருமல். இருவத்திரண்டு வருசமா இருக்குது."

பஸ் நிம்மதி அடைந்தது. எழுந்து போனவர்களில் ஒருவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். பக்கிரி அட்டையைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி, அடக்கி வைத்திருந்த மிச்ச இருமலையும் இருமி முடித்தார்.

விருத்தாசலத்துப் பீங்கான் கம்பெனிகள் லாக்டவுனுக்குப் பிறகு திறந்தது அந்த ஜூன் மாதத்தில்தான். இரண்டரை மாதம் சூளை எரியாததால் சுவர்களில் பல்லி முட்டையிட்டிருந்தது. மொதலாளி கேட்டில் ஆள் நிறுத்தி எல்லோர் நெற்றியிலும் துப்பாக்கி மாதிரி ஒன்றைக் காட்டினார். அண்டாவில் கபசுரக் குடிநீர் வைத்தார். இருமுகிறவர்கள் டெஸ்ட் எடுத்து நெகட்டிவ் சீட்டு கொண்டுவந்தால்தான் உள்ளே விடுவேன் என்றார். பக்கிரி போய் மூக்கில் குச்சி விடச் சொல்லி, கண்ணில் தண்ணீர் வர நின்று, மூன்றாம் நாள் சீட்டு வாங்கினார். அதை ஜங்ஷன் ரோட்டில் லேமினேஷன் போட்டார். கடைக்காரர் மங்கலம்பேட்டைக்காரர். துபாயில் வேலை போய், விமானத்தில் வந்து இறங்கி, பதினாலு நாள் தனியே கிடந்து, பிறகு மச்சானிடமிருந்து இந்தக் கடையை எடுத்தவர்.

"அண்ணே, ஓட்டை போட்டு நாடா கட்டித் தரவா? அங்க ஏர்போர்ட்ல இப்படித்தான் மாட்டிக்கிட்டுத் திரிவாங்க" என்றார். அப்படித்தான் அந்த அட்டை கழுத்துக்கு வந்தது.

பக்கிரி வேலை செய்வது அரைவை மில்லில். வெள்ளைக் கல்லை உடைத்து, பெரிய உருளைக்குள் கொட்டி, மாவாக அரைத்து எடுக்க வேண்டும். அந்த மாவு களிமண்ணோடு சேர்ந்துதான் கப்பாகவும் பொம்மையாகவும் கரண்ட் ஃபியூஸ் கட்டையாகவும் ஆகும். மில்லுக்குள் ஒரு மணி நேரம் நின்றால் புருவமும் காது மடலும் வெளுத்துவிடும். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது பக்கிரி வயதான ஆள் மாதிரி இருப்பார். குழாயடியில் தலையில் தண்ணீர் ஊற்றியதும் இருபது வயது குறைந்துவிடும். அந்த வருஷம் மட்டும் குளித்த பிறகும் வயது குறையவில்லை.

அவர் மனைவி அம்புஜவல்லி அதே கம்பெனியில் செக்கிங். சூளையிலிருந்து வரும் ஃபியூஸ் கட்டைகளை ஒன்றோடு ஒன்று தட்டிப் பார்ப்பது அவள் வேலை. நல்ல கட்டை ணங்கென்று நீளமாகப் பேசும். உள்ளே விரிசல் இருந்தால், கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், டொக் என்று வாயை மூடிக்கொள்ளும். அதற்கு அங்கே ஊமை என்று பேர். ஊமையை இடது பக்கக் கூடையில் போட வேண்டும். ஒரு நாளைக்கு மூவாயிரம் கட்டை தட்டுவாள். மேஸ்திரி சாமிக்கண்ணு, "அம்புஜம் காதுல எக்ஸ்ரே இருக்குதுப்பா" என்பார். வீட்டிலும் அவளுக்கு அந்தப் பழக்கம் போகாது. தேங்காய், பானை, கதவு, மாப்பிள்ளை வாங்கிவந்த தர்பூசணி என்று எதையும் விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் நகர்வாள்.

*

கொரோனா வருவதற்கு ஒரு மாதம் முன்னால், பிப்ரவரியில், கம்பெனிக்கு அன்பரசி வந்திருந்தாள். டி.பி. வேலை பார்க்கும் அரசாங்கப் பணியாளர். நர்ஸ் இல்லை, ஆனாலும் எல்லோரும் நர்சம்மா என்றே கூப்பிட்டார்கள். ஸ்கூட்டியில் வந்து, மில்லில் வேலை செய்கிறவர்களை வரிசையாக நிறுத்தி, எத்தனை நாளாக இருமல், சாயங்காலம் காய்ச்சல் அடிக்கிறதா, வேட்டி இடுப்பில் நிற்கிறதா என்று கேட்டுக் கேட்டு நோட்டில் எழுதினாள். பக்கிரியிடம், மூடி திருகுகிற சின்ன பிளாஸ்டிக் டப்பா ஒன்றைக் கொடுத்தாள். அதில் 'பக்கிரி, 48/ஆ' என்று அவள் கையெழுத்தில் சீட்டு ஒட்டியிருந்தது.

"காலையில எழுந்ததும் வாய் கொப்புளிச்சிட்டு, நல்லா ஆழத்துலேருந்து காறி இதுல துப்பணும். எச்சி வேணாம், சளி வேணும். நானே வந்து வாங்கிக்கிறேன்."

மறுநாள் பக்கிரிக்கு வெட்கமாக இருந்தது. அதற்கடுத்த நாள் மாசிமகத் திருவிழாக் கொடியேற்றம். அப்புறம் மணிமுத்தாற்றங்கரையில் உறவினர் ஒருவரின் கருமாதி. அப்புறம் ஊரையே மூடிவிட்டார்கள். அன்பரசியை எங்கோ காய்ச்சல் முகாமுக்குப் போட்டுவிட்டார்கள் என்று கேள்வி. டப்பா வாங்க யாரும் வரவில்லை.

ஜூனில் நெகட்டிவ் சீட்டு வந்த அன்று, அம்புஜவல்லி அலமாரியில் இருந்த டப்பாவைக் காட்டி, "மாமா, இதுக்கு என்னா பண்றது?" என்று கேட்டாள்.

"அதான் மூக்குல மூளை வரைக்கும் குச்சி வுட்டுப் பாத்துட்டாங்களே. அதுக்கு மேல சளிய பாத்து என்னா ஆவப்போவுது? ஒலகத்துலயே பெரிய டெஸ்ட்டு. அதுலயே ஒண்ணும் இல்லன்னுட்டான்."

அது நியாயமாகத்தான் பட்டது. புது டப்பா, நல்ல மூடி. தூக்கிப்போட மனம் வராமல் அம்புஜவல்லி அதில் ஊக்குகளைப் போட்டு வைத்தாள்.

*

மகள் தென்றலைச் சேத்தியாத்தோப்பில் கொடுத்திருந்தார்கள். வெள்ளாற்றுப் பாசனத்தில் ஆறு காணி நெல்லு விளையும் குடும்பம். மாப்பிள்ளை திலீபன் உரக்கடை வைத்திருந்தான். தென்றல் தலைச்சன் பிள்ளை உண்டாகி ஏழாம் மாதம் நெருங்கியபோது சம்பந்தி பானுமதி போன் செய்தாள்.

"சம்பந்தி, வளைகாப்ப சுருக்கா முடிச்சிடலாங்க. பத்து பேரு. போட்டோவுக்கு மட்டும் மாஸ்க்க கழட்டிக்கலாம். அதுக்கில்ல... ஒங்க வூட்டுல அண்ணனுக்கு இருமல்னு தென்றல் சொல்லுச்சு. வவுத்துப்புள்ளக்காரிய அனுப்புறோம். தப்பா எடுத்துக்காதீங்க."

"ஐயோ, அதெல்லாம் ஒண்ணும் இல்லிங்க. டெஸ்ட்டு எடுத்தாச்சி. சீட்ட வாட்ஸப்புல போடுறேன், பாருங்க."

"போடுங்க, போடுங்க. நான் சும்மாதான் கேட்டேன்."

பேச்சுக்கு நடுவில் அந்தப் பக்கம் யாரோ நெஞ்சு கிழிய இருமினார்கள். பானுமதி போனைக் கையால் மூடிக்கொண்டு ஏதோ அதட்டுவது கேட்டது. "அவருதான். நெல்லு தூத்துறாங்க வாசல்ல. தூசி" என்றாள் திரும்பி வந்து.

அம்புஜவல்லி அன்றே புதிதாக இன்னொரு டெஸ்ட் எடுக்க வைத்து, அந்த அட்டையையும் போட்டோ எடுத்து அனுப்பினாள். பானுமதி கைகூப்பும் படம் ஒன்றையும் பூப்படம் மூன்றையும் பதிலாக அனுப்பினாள்.

வளைகாப்பன்று பக்கிரி வீட்டு வாசலில் நல்ல வெயில். பானுமதி காரிலிருந்து இறங்கும்போதே வாயால் மாஸ்க்கை நனைத்துவிட்டிருந்தாள், அவ்வளவு பேச்சு. கலகலப்பான பெண்பிள்ளை. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் பழைய காலத்து ஆள். கணவர் பேரைச் சொல்லமாட்டாள். அவருக்கு விருத்தாசலத்துச் சாமியின் பேர் என்பதால் சாமி பேரையும் சொல்வதில்லை. அந்தக் கோயிலைப் பெரிய கோயில் என்பாள். சாமியைப் பெரியவர் என்பாள்.

"எங்கூர்ல கொரோனா கேம்ப்பு போட்டாங்க பாருங்க" என்று பந்தியில் சொல்ல ஆரம்பித்தாள். "வூட்டுக்காரர் பேரு என்னான்னு ஒரு பொண்ணு கேக்குது. நான் எங்க சொல்ல? அவரு மூக்க குடுத்துட்டு அதுக்குள்ள வெத்தல வாங்கப் போயிட்டாரு. பெரிய கோயில் சாமி பேருன்னேன். அது கடலூர்ப் பொண்ணு, அதுக்கு எந்தக் கோயில்னு தெரியல. பக்கத்துல நின்னவன் ஒருத்தன் என்னமோ சொல்லித் தொலைச்சிட்டான். சாமிநாதன்னு சீட்டு வந்துச்சு! ஊரே சிரிச்சுது. நெகட்டிவ் வந்தது சாமிநாதனுக்கு. எங்க வூட்டுல இருக்கறவருக்கு என்னான்னு அந்தப் பெரியவருக்குத்தான் தெரியும்."

எல்லோரும் சிரித்தார்கள். சம்பந்திக்காரர் காரில் ஏசி போட்டு உட்கார்ந்திருந்தார். தூசு ஒத்துக்கொள்ளாது என்று சாப்பாட்டையும் அங்கேயே வாங்கிக்கொண்டார். பக்கிரி போய்ப் பேசினார். இருவரும் மாறி மாறி இருமிக்கொண்டு, மழை பெய்யுமா என்று பேசினார்கள்.

உள்ளே தென்றலுக்குப் பட்டுப்புடவை மடிப்பு நிற்கவில்லை. "யம்மா, ஊக்கு" என்றாள். அம்புஜவல்லி அலமாரியிலிருந்து டப்பாவை எடுத்து மூடியைத் திருகி, மூன்று ஊக்குகளை வாயில் கவ்விக்கொண்டு மகளின் தோளில் மடிப்பைக் குத்தினாள்.

*

அக்டோபர் கடைசியில் தென்றலுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. வீட்டின் ஒரே அறையில் கொடி கட்டி ஈரத்துணிகளைப் போட்டிருந்தார்கள். சாம்பிராணிப் புகையும் பூண்டுக் குழம்பு வாசனையும் ஈரமும் சேர்ந்து, மீன் தொட்டிக்குள் இருப்பது போல இருந்தது வீடு. வெளிச்சம்கூட மெதுவாகத்தான் நகர்ந்தது.

குழந்தை வேறு யார் கையிலும் தூங்காது. பக்கிரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து நெஞ்சில் போட்டுக்கொண்டால் உடனே தூங்கிவிடும். அவர் நெஞ்சுக்குள் கேட்கும் சத்தம் அதற்குப் பிடித்திருக்க வேண்டும். கூழ் கொதிக்கும் சத்தம் மாதிரி இருந்தது அது. இருமல் வரும்போது பக்கிரி குழந்தையைப் பதறிப்போய் மனைவியிடம் கொடுத்துவிட்டு வெளியே ஓடுவார். திரும்பி வந்து மறுபடி வாங்கிக்கொள்வார்.

"கம்பெனியில கேட்டதையும் சேத்து ஒனக்கு நாலு சீட்டு ஆச்சுப்பா" என்பாள் தென்றல். "நாலும் நெகட்டிவ். ஊர்ல ஒன்ன மாதிரி சுத்தமான ஆளு யாரு இருக்கா?"

"கலெக்டர்கிட்ட கூட நாலு இருக்காது" என்பார் பக்கிரி.

அவர் சிரித்தபோது கன்னத்துக்குள் பல் வரிசை முழுக்கத் தெரிந்தது. பெல்ட்டில் ஆணியால் புதுசாக இரண்டு ஓட்டை போட்டிருந்தார். சாயங்காலம் நான்கு மணிக்கு ஒரு குளிர் வரும், போர்த்திக்கொள்வார். விடிகாலையில் பனியன் பிழியும் அளவுக்கு வேர்வை. மெடிக்கலில் மருந்து வாங்கிக் குடித்தால் இரண்டு நாள் அடங்கும். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால், "அங்க போனாதான் கொரோனா வரும்" என்பார். அந்த வருஷம் ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் சொன்னார்கள். சுகர் மாத்திரை வாங்கப் போகாதவர்களும், ஆபரேஷனைத் தள்ளிப்போட்டவர்களும் தெருவுக்குத் தெரு இருந்தார்கள்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை, மழை விட்டிருந்த நேரம், அம்புஜவல்லி அவருக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள். முதுகெலும்பு ஒவ்வொன்றாகக் கைக்குத் தட்டுப்பட்டது. தோளிலிருந்து வழித்துக்கொண்டே வந்தவள், பழக்க தோஷத்தில், விரல் முட்டியால் முதுகில் தட்டினாள். இடது பக்கம் காலிப் பானை மாதிரி சத்தம் வந்தது. வலது பக்கம் மேலே அதே சத்தம். இரண்டு விரல்கடை கீழே இறங்கித் தட்டினாள்.

டொக்.

கை நின்றது. மறுபடி இடது பக்கம். மறுபடி வலது.

"என்னாடி, தேங்காயா வாங்குற?" என்றார் பக்கிரி.

"ஒண்ணும் இல்ல மாமா. குனி."

அம்புஜவல்லி சீயக்காயைக் கரைத்தாள். நாலு சீட்டு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். டாக்டரும் மெஷினும் பார்த்து எழுதிய நாலு சீட்டு. ஃபியூஸ் கட்டைக்குத்தான் இந்தக் காது, மனுஷ உடம்புக்கு இது என்ன தெரியும் என்று சொல்லிக்கொண்டு, தண்ணீரை வேகமாக மொண்டு ஊற்றினாள்.

*

அதற்கு நாலைந்து நாள் கழித்து, தூறலில், ரெயின்கோட்டோடு ஒருத்தி வாசலில் ஸ்கூட்டியை நிறுத்தினாள். மாஸ்க்குக்கு மேல் கண்ணாடியில் பனி படிந்திருந்தது. அம்புஜவல்லிக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை.

"பக்கிரி வூடு இதானேம்மா? நான் அன்பரசி. டி.பி. நர்சம்மா."

"வாங்க, வாங்க. எத்தினி மாசமாச்சு! எங்க போயிட்டீங்க?"

"மூக்குல குச்சி வுட்டுக்கிட்டு இருந்தேன்." அன்பரசி ரெயின்கோட்டைக் கழற்றி வாசலிலேயே மாட்டினாள். "எங்க பிரிவுல எல்லாரையும் கொரோனாவுக்கு எடுத்துட்டாங்க. சளி பாக்குற மெஷினையும் எடுத்துட்டாங்க. போன வாரம்தான் பாதி நாள் பழைய வேலைக்குப் போன்னு வுட்டாங்க. நோட்ட தொறந்தேன். பிப்ரவரியில எழுதினது, முப்பத்தோரு பேரு. ஒவ்வொரு வூடா போறேன்."

"எல்லாரும் நல்லா இருக்காங்களா?"

அன்பரசி செருப்பைக் கழற்றினாள். "நாலு பேரு இல்ல. கொரோனாவுலயும் போவல" என்றாள்.

உள்ளே பக்கிரி சுவரில் சாய்ந்திருந்தார். நெஞ்சில் குழந்தை. அன்பரசி நிலையிலேயே நின்றுவிட்டாள். பக்கிரி அவளைப் பார்த்ததும் சிரித்து, சட்டைக்குள்ளிருந்து அட்டைகளை எடுத்தார். நாடாவில் நாலும் கொத்தாக வந்தன.

"பாருங்க நர்சம்மா. நாலு."

அன்பரசி அட்டைகளைத் தொடவில்லை. "பாப்பாவ மொதல்ல அம்மாகிட்ட குடுங்கண்ணே. மெதுவா. முழிச்சிக்கப் போவுது" என்றாள். அவள் குரலில் இருந்த எதையோ கேட்டுத் தென்றல் வேகமாக வந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

"அன்னிக்கு நான் குடுத்த டப்பா எங்கண்ணே?"

பக்கிரி மனைவியைப் பார்த்தார். அம்புஜவல்லி அலமாரியைப் பார்த்தாள். அன்பரசியும் அங்கே பார்த்தாள். சாமி படத்துக்குப் பக்கத்தில், மஞ்சள் கயிற்றுப் பந்துக்கும் சீப்புக்கும் நடுவில், அவள் கையெழுத்திலேயே இருந்தது: பக்கிரி, 48/ஆ. உள்ளே ஊக்குகள்.

அன்பரசி டப்பாவை எடுத்து மெல்ல ஆட்டிப் பார்த்தாள். ஊக்குகள் கலகலத்தன. திட்டுவாள் என்று அம்புஜவல்லி எதிர்பார்த்தாள். அன்பரசியோ பாயில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"மறுநாள் நான் வந்திருக்கணும். வரேன்னு சொல்லிட்டுப் போனவ நான்தான்."

"நாங்கதான் நர்சம்மா... மூக்குல பாத்ததே போதும்னு நெனச்சிட்டோம்."

"அது கொரோனா இருக்குதா இல்லியான்னு மட்டுந்தாம்மா சொல்லும். வேற ஒண்ணையும் சொல்லாது. இத போற வூட்டுலல்லாம் சொல்லிக்கிட்டு வரேன். எல்லாரும் இந்த மாதிரி ஒரு சீட்ட எடுத்துக் காட்டுறாங்க. மீட்டிங்கில சொன்னாங்க, ஒலகம் பூரா இந்த வருசம் டி.பி. கண்டுபிடிச்ச கணக்கு கொறைஞ்சு போச்சாம். நோய் எங்கம்மா கொறைஞ்சுது? தேடிப் பாக்குறது நின்னு போச்சு. அவ்வளவுதான்."

அம்புஜவல்லி திடீரென்று, "எனக்குத் தெரியும் நர்சம்மா" என்றாள். "எண்ண தேய்க்கும்போது தட்டுனேன். வலது பக்கம் கீழ ஊமையா இருக்குது. என் காதுக்குக் கேட்டுச்சு. நான்தான் நம்பல."

பக்கிரி அவளைத் திரும்பிப் பார்த்தார். அன்பரசி எழுந்து போய் அவர் முதுகில் கை வைக்கவில்லை. அது டாக்டர் வேலை. பையிலிருந்து புது டப்பா இரண்டை எடுத்துப் பேர் எழுதினாள். கூடவே உபரியாக ஒன்றையும் வைத்தாள், இருக்கட்டும் என்று.

*

மூன்றாம் நாள் முடிவு வந்தது. சளியில் கிருமி இருந்தது. நெஞ்சுப் படத்தில் வலது பக்கம் அடியில் நீர் கோத்திருந்தது. எடை நாற்பத்தொன்று.

அன்பரசி மாத்திரை அட்டைகளைப் பாயில் பரப்பி, எத்தனை, எப்போது என்று சொன்னாள். ஆறு மாதம் ஒரு நாள்கூட விடக்கூடாது. இரண்டு மூன்று வாரத்தில் அடுத்தவருக்குப் பரவுவது குறைந்துவிடும். அதுவரை அவர் வராந்தாவில் படுக்கட்டும். தென்றல் மாஸ்க் போட்டுக்கொண்டு தாராளமாகப் பால் கொடுக்கலாம்.

"பாப்பாவுக்கு?" என்றாள் தென்றல். மாஸ்க்குக்குள் குரல் உடைந்திருந்தது.

"பாப்பாவ நாளைக்கே டாக்டர்கிட்ட காட்டணும். ஒண்ணும் இல்லன்னாலும் வராம இருக்க மருந்து குடுப்பாங்க. பயப்படாத. சின்ன உடம்பு, அதனால லேட் பண்ணக் கூடாது, அதான். அப்பறம், இந்த வூட்டுல வந்து தங்கினவங்க எல்லாரையும் பாக்கணும். யாரு யாரு?"

அம்புஜவல்லி மகளைப் பார்த்தாள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் திலீபன் வந்து மாமனாருக்குப் பக்கத்தில் படுத்துத் தூங்கிவிட்டுத்தான் போவான்.

"யோசிச்சு வைங்க. சாயங்காலம் போன் பண்றேன்" என்று அன்பரசி எழுந்தாள். "நானா யாருக்கும் சொல்லமாட்டேன். சொல்ல வேண்டியது நீங்க."

ஸ்கூட்டி சத்தம் அடங்கியதும் பக்கிரி சொன்னார். "சேத்தியாத்தோப்புக்குத் தெரிய வேணாம்."

"மாமா..."

"கேளுடி. கொரோனான்னாகூட பதினாலு நாள்ல போச்சுன்னு வுட்டுடுவாங்க. இது டி.பி. காலத்துக்கும் பேசுவாங்க. அப்பனுக்கு இருந்துச்சு, பொண்ணுக்கு இருக்குதோன்னு ஆரம்பிப்பாங்க. புள்ளய தூக்கிக்கிட்டுப் போயிட்டா? நான் மாத்திரைய துன்னுட்டு கமுக்கமா கெடக்குறேன். பாப்பாவுக்கு மருந்து சத்து டானிக்குன்னு சொல்லிக்கலாம்."

"மாப்ளைக்கு?"

"அவரு எளவட்டம். அவருக்கெல்லாம் வராது."

தென்றல் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். "யம்மா, அப்பா சொல்றதுதான் சரி. எங்க அத்த சிரிச்சு சிரிச்சுப் பேசுவாங்க. ஆனா ஒண்ணு மனசுல வுழுந்துட்டா எடுக்க முடியாது. நான் அங்கதானே வாழப்போறேன்? இப்ப வேணாம். பாப்பாவுக்கு ஒரு வயசு ஆவட்டும்."

அம்புஜவல்லி அடுப்படிக்குப் போனாள். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தது பாதியில் கிடந்தது. உட்கார்ந்து இலையை உருவினாள். உறையூற்றிய தயிர்ச் சட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. தட்டப் போன விரலை மடக்கிக்கொண்டாள். பதினோரு வருஷத்தில் ஒரு ஊமையைக்கூட வலது பக்கக் கூடையில் அவள் போட்டதில்லை. அவசரம், லாரி நிற்கிறது, எண்ணிக்கை குறைகிறது என்று சாமிக்கண்ணு கத்தினாலும் போட்டதில்லை. அந்தக் கட்டை யாரோ ஒருவர் வீட்டுச் சுவரில் மாட்டப்படும், அங்கே ஒரு பிள்ளை கை வைக்கும் என்று சொல்வாள். பார்த்திராத அந்தப் பிள்ளைக்காக அவ்வளவு பயந்தவள்.

எழுந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். முடிவுத் தாளைப் பாயில் விரித்துப் போட்டோ எடுத்தாள்.

"யம்மா, வேணாம்மா!" தென்றலுக்குக் குழந்தையோடு எழ முடியவில்லை.

"நான்தான் அந்தச் சீட்ட அனுப்பி ஒன்ன இங்க கூப்டேன். அத நம்பித்தான் அவங்க அனுப்புனாங்க. இதையும் நான்தான் அனுப்பணும்."

வாட்ஸப்பில் பானுமதியின் பக்கத்தைத் திறந்தாள். மேலே பளபளக்கும் நெகட்டிவ் அட்டை இருந்தது. கைகூப்பும் படமும் மூன்று பூக்களும் இருந்தன. குழந்தை பிறந்த அன்று வந்த லட்டுப் படம் இருந்தது. அதற்குக் கீழே அந்தத் தாள் போய் உட்கார்ந்தது. பிறகு குரலில் பேசி அனுப்பினாள்: "சம்பந்தி, எங்க வூட்டுக்காரருக்கு டி.பி. இருக்குது. மருந்து ஆரம்பிச்சாச்சு. பாப்பாவையும் மாப்ளையையும் டாக்டர்கிட்ட காட்டணும்னாங்க. முன்ன அனுப்புன சீட்டு கொரோனாவுக்கு மட்டும்தானாம். எங்களுக்குத் தெரியல. ஒங்கள ஏமாத்தணும்னு செய்யல."

இரண்டு கோடு விழுந்தது. சிறிது நேரம் சாம்பல் நிறத்திலேயே இருந்தது. பிறகு நீலமானது.

பக்கிரி எழுந்து வராந்தாவுக்குப் போய், தூறலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். கீரை அப்படியே கிடந்தது. குழந்தை பசிக்கு அழுது, குடித்து, தூங்கிப்போனது. அவ்வளவு நேரம் போன் சும்மா கிடந்தது. அப்புறம் மணி அடித்தது. தென்றல் கண்களை மூடிக்கொண்டாள்.

"சொல்லுங்க சம்பந்தி" என்றாள் அம்புஜவல்லி.

அந்தப் பக்கம் மழைச் சத்தம். சேத்தியாத்தோப்பிலும் மழைதான். பானுமதி மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது.

"சம்பந்தி?"

"திலீபன நாளைக்குக் காலையில அனுப்புறேன். பாப்பாவ டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவட்டும். அவனும் பாத்துக்கட்டும்." பானுமதியின் குரலில் வழக்கமான ஓட்டம் இல்லை. ஒவ்வொரு சொல்லையும் எங்கிருந்தோ பொறுக்கி எடுத்துப் பேசினாள். "தென்றல அழக் கூடாதுன்னு சொல்லுங்க. பால் சுண்டிடும்."

"சரிங்க."

"சம்பந்தி..."

"சொல்லுங்க."

"எங்க வூட்டுலயும்... நெல்லு தூத்தி மூணு மாசம் ஆச்சு. தூசி எங்க இருக்குது? ராவெல்லாம் வேர்வை. சட்டையெல்லாம் தொளதொளன்னு ஆயிடுச்சு. நான் சீட்ட காட்டிக் காட்டி என் வாய நானே அடைச்சுக்கிட்டு இருந்தேன். அதுகூட சாமிநாதன் சீட்டு." சிரிக்க முயன்றாள், வரவில்லை. "அந்த நர்சம்மாகிட்ட இன்னொரு டப்பா இருக்குமா?"

அம்புஜவல்லி அலமாரியைப் பார்த்தாள். அன்பரசி உபரியாக வைத்துவிட்டுப் போன டப்பா, பேர் எழுதாமல், ஊக்கு டப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தது.

"இருக்குது சம்பந்தி. நாளைக்கு மாப்ளகிட்டயே குடுத்தனுப்புறேன். அவரு பேரு, வயசு எழுதி ஒட்டணும். பேரு கல்யாணப் பத்திரிகையில இருக்குது, நான் பாத்து எழுதிக்கிறேன். நீங்க வயச மட்டும் சொல்லுங்க."

தென்றலிடமிருந்து பேனாவை வாங்கிக்கொண்டு அம்புஜவல்லி காத்திருந்தாள். லைன் போய்விட்டதோ என்று பார்த்தாள், போகவில்லை. மழை கேட்டது. மழைக்குப் பின்னால், ஏதோ ஓர் அறையில், அந்த மனிதர் இருமுவதும் கேட்டது.

"இல்ல, வேணாம்" என்றாள் பானுமதி. "மறுபடி தப்பா எழுதிடக் கூடாது. நானே சொல்றேன், எழுதிக்குங்க."

"சொல்லுங்க."

"பழமலைநாதன்" என்றாள் பானுமதி. பிறகு, அம்புஜவல்லி எழுதி முடிக்கும் வரை, ஒவ்வொரு எழுத்தாக இன்னொரு முறை சொன்னாள்.